கயிற்றின் ஒரு முனை

சொலாந்தாவில், எங்கள் தெருவில்,
டிசம்பர் முப்பத்தொன்று மதியமே
கிழட்டு வருடத்தை பிளாஸ்டிக் நாற்காலியில்
உட்கார்த்திவிடுவோம்.
வயிற்றில் மரத்தூள். தொடையில் செய்தித்தாள்.
சட்டைப்பையில் மின்வெட்டு அட்டவணை.
பதினான்கு மணிநேர இருட்டில்
என் கடை ஐஸ்கிரீமெல்லாம் கஞ்சியானதற்கு
அவன்தான் பொறுப்பு.
நள்ளிரவில் கொளுத்துவோம்.

அதுவரை அவனுக்கு ஒரு விதவை வேண்டும்.
எட்டு வருடமாக அது க்ளெவர் தொபாந்தாதான்.
மற்ற நாட்களில் பேருந்து ஓட்டுகிறவன்.
ஞாயிறுகளில் மூன்று பேர் வாலிபாலில்
பந்தயம் கட்டித் தோற்கிறவன்.
மீசையை மட்டும் எடுக்கமாட்டான்.
அதற்குக் கீழே உதட்டுச்சாயம் பூசுவது என் வேலை.
மார்புக்கு என் கடையிலிருந்து
இரண்டு ஆரஞ்சு, கடனில்.

கறுப்பு உடை அவன் மனைவி நர்சிசாவுடையது.
தன் அப்பாவைப் புதைத்த அன்று உடுத்தியது.
லெட்டூஸைப் பெட்டியில் அடுக்கும் வேலைக்கு
மூர்சியா போனபோது
அதை மட்டும் விட்டுவிட்டுப் போனாள்.
ஸ்பெயினில் எனக்கு யார் சாகப்போகிறார்கள்
என்றாளாம்.

தெருவின் குறுக்கே கயிறு.
ஒரு முனை மின்கம்பத்தில், மறுமுனை என் கையில்.
கார் வந்தால் இழுப்பேன்.
அவன் பாய்ந்து பானட்டில் விழுவான்.
'ஐயோ என் ராசா, போயிட்டியே,
மூணு மாசத் தவணை பாக்கி வச்சிட்டுப் போயிட்டியே,
பிரிட்ஜு உன் பேர்லயா என் பேர்லயான்னு
சொல்லாமப் போயிட்டியே...'
கண்ணாடி இறங்கும். ஐம்பது சென்ட்,
சில நேரம் மஞ்சள் டாலர் நாணயம்.
கன்னத்தைக் கிள்ளுகிறவர்களிடம்
கொசுறு கேட்பான்.

ஆறு மணிக்குக் கைபேசி அடித்தது.
அங்கே பன்னிரண்டு.
வாய்நிறையத் திராட்சையோடு நர்சிசா
ஏற்கெனவே அடுத்த வருடத்தில் இருந்தாள்.
'திரும்பு, பார்க்கலாம்.'
திரும்பினான்.
'ஜிப்பை முழுசா ஏத்தாதே, கிழிஞ்சிடும்.'
சிரித்தாள். நானும் சிரித்தேன்.
'அங்க எப்படி இருக்கு?' என்றான்.
'எங்க?'
'அடுத்த வருஷத்துல.'
அவளுக்குப் பின்னாலிருந்து
ஓர் ஆண்குரல் கூப்பிட்டது: நர்சி.
பாதிப் பெயர்தான்.
'வரேன்' என்றாள்.
எங்களிடமா அவனிடமா, தெரியவில்லை.
திரை கறுத்துவிட்டது.

அடுத்த கார். கயிற்றை இழுத்தேன்.
அதே வரிகள்தான். தவணை. பிரிட்ஜ்.
ஆனால் கார்க்காரர் சிரிக்கவில்லை.
பத்து டாலர் தாளை நீட்டிவிட்டு
மீதி கேட்காமல்
கயிறு தாழக் காத்திருந்தார்.

அதன்பின் வந்த மூன்று வண்டிகளை
நான் சும்மா போகவிட்டேன்.
க்ளெவர் ஏனென்று கேட்கவில்லை.
சூடான கனெலாசோவை ஊதி ஊதிக் குடித்தான்,
கோப்பை விளிம்பெல்லாம் சிவப்பு.

நள்ளிரவுக்குச் சற்று முன்
மருந்துக்கடை ஹெனோவேவா
கிழவனின் உயிலை வாசித்தாள்:
நகராட்சிக்கு, எங்கள் தெருவின் பதினொரு குழிகள்.
ரொட்டிக்கடைக்காரருக்கு, ஒழுங்கான ஒரு தராசு.
என் அன்பு விதவைக்கு, சீக்கிரமே மறுமணம்.
தெரு விழுந்து விழுந்து சிரித்தது.
காலையிலேயே எழுதி வைத்த வரி அது,
அவளைக் குறைசொல்ல முடியாது.

தீயைத் தாண்டினால் பழையது ஒட்டாது என்பார்கள்.
க்ளெவர் பாவாடையைத் தூக்கிக்கொண்டு தாண்டினான்.
ஒருமுறை. இன்னொருமுறை.
மூன்றாவதில் ஓரம் பற்றிக்கொண்டது.
நான்தான் செருப்புக்காலால் மிதித்து அணைத்தேன்.
குனிந்தபோது ஜிப் முழுக்க ஏறியிருப்பதைப் பார்த்தேன்.

ஜனவரி ஒன்று, கடை திறக்குமுன்
கம்பிக்கதவைத் தட்டினான்.
கையில் பிளாஸ்டிக் பை,
உடையும் இரண்டு ஆரஞ்சும்.
ஒன்று நசுங்கியிருந்தது.
அதற்கு மட்டும் காசு வாங்கினேன்.

ஒரு சாண் கருகியிருக்கிறது, என்றேன்,
மடித்துத் தைத்தால் தெரியாது.
கறுப்பு நூல் கடையிலேயே இருக்கிறது.
எப்போது வேண்டும்?

அவன் தெருவைப் பார்த்தான்.
நாற்காலி நின்றிருந்த இடத்தில்
தார் கொஞ்சம் உருகியிருந்தது.

அவசரமில்லை, என்றான்.