தகரக் கூரை

பதினோரு சில்வர் ஓக்கை வெட்டி
செம்மேட்டில் விற்ற காசில்
கூரைக்குத் தகரம் வாங்கினோம்.
ரெண்டை விட்டுவைத்தோம்,
அதுவும் மேலே ஏறியிருந்த மிளகுக்காக.

அந்த மாசிக் கடைசியில் ஒரு மழை.
எட்டாம் நாள் கொல்லையே வெள்ளை.
கணுவுக்குக் கணு காய்,
குச்சி தாங்காமல் முட்டுக் கொடுத்தோம்.
எட்டு மூட்டை!
செங்கோடன் வட்டி முதலோடு தீர்ந்தது.

மறு வருசம் செடிக்கு மூச்சு வாங்கியது.
நுனி கருகி, இலை கொட்டி
விறகாய் நின்றது.
வெயில் பட்ட தண்டில் வரிவரியாய்ப் புடைப்பு;
பிளந்தால் பொடி,
பொடிக்குள் வெள்ளைப் புழு.
வெயில் விழும் தண்டில்தான் வண்டு முட்டையிடுமாம்.
காபி வாரியத்து ஆள் சொல்லிவிட்டுத்
தகரத்தை ஒருதரம் பார்த்தார்.
நான் சுள்ளி பொறுக்கப் போய்விட்டேன்.

முப்பத்தேழு செடி பிடுங்கி எரித்தோம்.
புகையில் காபி வாசமே இல்லை.

இப்போது வரிசைக்கு ஒன்றாய்க்
கல்யாண முருங்கைப் போத்து.
ஒவ்வொன்றிலும் நாலே இலை.
அது விழுத்துகிற நிழல்
என் உள்ளங்கை காணாது.

மத்தியானம் தகரத்தடியில் இருக்க முடிவதில்லை.
கொல்லைக்கு வந்துவிடுகிறேன்.
பக்கக் குருத்து ஒடிக்கிறேன், மூடாக்குப் போடுகிறேன்.
வேலை தீர்ந்தாலும்
ஒரு செடிக்கு மேற்கே
கொஞ்ச நேரம் நிற்கிறேன்.