அடியாள்

புளியந்தோப்பு என்று சொன்னால்
நேர்காணலில் பேனா ஒரு நொடி நிற்கும்.
அடுத்த வரியை அவர்களே எழுதிக்கொள்வார்கள்.
ஆமாம் சார், நான் அடியாள்தான்.
மூன்றடுக்கில் கீழ்வரிசை, நடு ஆள்.
அறுபத்தெட்டு கிலோ. பி.காம். இரண்டாம் ஆண்டு.

எங்கள் சர்க்கஸுக்குக் கூடாரம் இல்லை.
சிங்கம் இல்லை, ஆபீஸில் சூப்பரின்டென்டென்ட் இருக்கிறார்.
விளையாட்டுத் துறை, இது கலை என்றது.
கலை மன்றம், இது விளையாட்டு என்றது.
கடைசியில் பேரிடர் மேலாண்மைக் குழுவின் கீழ்
பதிவு செய்தார்கள் எங்களை.
ஒரு முதலுதவிப் பெட்டி, ஒரு விசில்,
வருடத்துக்கு ஆயிரத்து இருநூறு ரூபாய்.

ஒற்றைச் சக்கர வண்டி
கொருக்குப்பேட்டை வெல்டிங் பட்டறையில் பிறந்தது.
இடது பக்கமே இழுக்கும்.
வீசிப் பிடிக்கும் பந்துகளுக்குள் ரேஷன் அரிசி;
ஐப்பசியில் வண்டு வைத்துவிட்டது.
கெவின் வீசினால்
கறுப்புப் புள்ளி ஒன்று தனியே பறக்கும்.
மெத்தை, விடுதியில் கழித்துப் போட்டது.
யார் யாரோ தூங்கிய பள்ளங்களில்
நாங்கள் விழுகிறோம்.

அடியில் நிற்பவளுக்குக் காட்சி கிடையாது.
மண், கெவினின் கட்டைவிரல்,
ஒரு சோடா மூடி, என் வியர்வை.
மூன்று எண்ணும்வரை உச்சியில் நிற்பாள் லோகப்பிரியா.
மதிலுக்கு மேலே அவள் ஒருத்திதான்.
"இன்னா தெரியுது?" என்று கீழிருந்து கேட்பேன்.
ஒரு நாளைக்கு ஒரு பொருள், அதுதான் ஒப்பந்தம்.
ஹார்பர் கிரேன்.
கூட்ஸ் வண்டி மேல தூங்குற நாய்.
மணலிப் பக்கம் நெருப்பு, பட்டப்பகல்ல எரியுது.
கடலா?
இல்லடி, நீலத் தார்ப்பாய்.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஒன்றும் சொல்லவில்லை.
மூன்று எண்ணியாயிற்று.
ஏழு.
பதினொன்று.
முதலில் தேசிங்கின் குதிகால் என் தோளில் நடுங்கியது,
பிறகு என் முட்டி,
பிறகு மண்.
நாற்பத்து மூன்று கிலோப் பெண்
நின்ற இடத்திலேயே கனத்துக்கொண்டு போனாள்.
மோனிஷ் விசில் அடித்தான்.
பத்தொன்பதில் இறங்கினாள்.
"கப்பல்" என்றாள்.
கப்பலைப் பார்த்துவிட்டு யாரும்
அவ்வளவு நேரம் முகம் கழுவ மாட்டார்கள்.

பந்து மதில் தாண்டியது அதற்குப் பிறகுதான்.
எடுக்கப் போனேன்.
டிரான்ஸ்ஃபார்மர் பின்னால், கல்லின் மேல்,
கம்பெனிச் சட்டையில் ஒருவர்
பதினொன்றரை மணிக்கே மதியச் சோறு தின்றுகொண்டிருந்தார்.
தக்காளிச் சோறு, வாழைக்காய் வறுவல்.
காலையில் லோகப்பிரியா எனக்குப் பங்கு வைத்த அதே வறுவல்.
கவிழ்த்து வைத்த மூடியில்
அவள் டப்பாவில் இருக்கும் அதே எழுத்து வெட்டு:
ச. குப்பம்மாள் அன்பளிப்பு.
பந்தைச் சட்டையில் துடைத்துக் கொடுத்தார்.
"காலேஜா? நல்லாப் படிங்க."
இன்னொரு கை, கழுத்து அட்டையில்
கம்பெனிப் பெயரின் மேல்
கட்டைவிரலை வைத்துக்கொண்டிருந்தது.

புதன்கிழமை எல்லோரையும்
கெமிஸ்ட்ரி கட்டடம் பார்த்துத் திரும்பச் சொன்னேன்.
ஏன் என்றான் தேசிங்கு.
வெயில் கண்ணில் அடிக்குது என்றேன்.
வானம் மூடிக் கிடந்தது.
அண்ணாந்து பார்த்தான், ஒன்றும் பேசாமல் ஏறினான்.
அடியாள் சொன்னால் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

ஒன்று. இரண்டு.
"இன்னா தெரியுது?"
நேரம் எடுத்துக்கொண்டாள்.
"சன்ஷேடுல புறா. முட்டை வெச்சிக்கீது."
"எத்தினி?"
"இருடி, எண்றேன்."

இருந்தேன்.