செவ்வாய் இரவு, ஈரப்பதம் பத்தொன்பது

துவரம்பருப்பு அளவில் ஒரு செவி.
புனிதரின் முதுகில், பூச்சி அரித்த குழியின் ஓரம்
தேன்மெழுகால் ஒட்டினேன்.
பைன் மரம். எழுநூறு வயது.
பெயர் போய்விட்டது, வலது கையும்.
பதிவேட்டில் 'ஆண், நின்ற நிலை'.

பேச்சு அதற்குக் கேட்காது.
ஜெபம், ஆர்கன், தொர்லைஃபின் சாவிக்கொத்து
ஒன்றும் பொருட்டில்லை.
நாரை விட்டு நார் விலகும்
அந்த ஒலி மட்டும்.
ஒஸ்லோவில் என் திரையில்
அது ஒரு புள்ளியாக வந்து விழும்.

ஞாயிறுகளை எனக்குத் தெரியும்.
பத்துக்கு ஆராதனை என்றால் எட்டுக்கு ஹீட்டர்,
ஒன்பதுக்குக் காற்று உலர்ந்துவிடும்,
மூன்று புள்ளி, மிஞ்சினால் நான்கு.
சம்மதித்த சேதம்.
கமிட்டியில் கையெழுத்துப் போட்டிருக்கிறோம்:
பதினான்கு டிகிரிக்கு மேல் கடவுளுக்கும் கிடையாது.

ஜனவரியில் ஒரு செவ்வாய்.
இரவு பதினொன்று தொடங்கி விடியும்வரை
புள்ளிகள், எண்ணெயில் கடுகு வெடித்தாற்போல.
உள்ளே இருபத்துமூன்று டிகிரி.
ஈரப்பதம் பத்தொன்பது.
வெளியே மைனஸ் இருபத்தெட்டு.

கருவி கெட்டுவிட்டது என்றுதான் நினைத்தேன்.
அப்படி நினைப்பது சுலபம்.

ரயில், பஸ், பிறகு பால் லாரி.
தொர்லைஃப் கோயில் கதவைத் திறந்தார்.
வரைபடத்தை நீட்டினேன்.
கண்ணாடி போடாமலே பார்த்தார்.
"புதன் காலை அடக்கம்.
முந்தின ராத்திரி ஓசெ இங்கேதான் இருந்தாள்.
அவளுக்குக் குளிர் ஆகவே ஆகாது.
மறுநாள் போகப்போவது
மூன்று நாள் கரி மூட்டி இளக்கிய மண்ணுக்குள்."

கொஞ்ச நேரம் கழித்து, புனிதரைப் பார்த்து:
"இவருக்கு வலித்ததா?"

என் படிப்பில் அந்தப் பாடம் இல்லை.
டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தேன்.
இடது தோளிலிருந்து விலாவரை
புதிதாய் ஒரு கோடு, மயிரிழை அகலம்.
அதனுள் மரம் மஞ்சளாக,
நேற்றுத்தான் அறுத்ததுபோல.
செதுக்கியவனும் பார்த்திராத மஞ்சள்.

அறிக்கையில் 'காரணம்' என்றொரு கட்டம்.
'விதிமீறல்' என்று எழுதி அழித்தேன்.
'ஓசெ' என்று எழுதி அதையும் அழித்தேன்.
பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம்.
அவர் வீட்டில் காபி கொடுத்தார்.
கோட்டைக் கழற்றாமல் குடித்தோம், இரண்டு பேரும்.

ஊர் திரும்பிப் பையைத் திறந்தபோதுதான் பார்த்தேன்:
அணைக்க மறந்த கையளவுக் கருவி
அந்தச் சமையலறையையும் குறித்து வைத்திருந்தது.
ஒன்பது டிகிரி.