சைலன்சர்

கார்த்லாவைச் சுற்றிக் கடலில் இருக்கும் உப்பு போதாதென்று
குளிர்காலத்தில் சாலையிலும் கொட்டுகிறார்கள்.
அந்த உப்புதான் என் ஓப்பலைத் தின்கிறது என்று
ஊர்வேயின் பட்டறையில் கொண்டுபோய் விட்டேன்.

காரைத் தூக்கி நிறுத்தி
ஸ்க்ரூடிரைவரின் பிடியால் சைலன்சரைத் தட்டினாள்.
கணீரென்று வர வேண்டிய இடத்தில்
பொத்தென்றது.
திருப்பிப் பிடித்து முனையால் அழுத்தினாள்.
உள்ளே போயிற்று.
அரைக் குவளை பழுப்புத் தண்ணீர்
அவள் கைச்சட்டைக்குள் இறங்கியது.

"உப்பு வெளியிலிருந்து தின்னும்.
இது உள்ளிருந்து வந்தது.
வீட்டுக்கும் வேலைக்கும் எவ்வளவு தூரம்?"
எண்ணூறு மீட்டர்.
"நடக்கலாமே."
பிப்ரவரியில் நீ நட, என்றேன்.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால்
ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் பிறக்குமாம்.
நெருப்புக்குள் இவ்வளவு ஈரம் இருப்பது
ஐம்பத்தொரு வயதில் எனக்குத் தெரியவந்தது.
குழாய் சுட்டிருந்தால் ஆவியாய்ப் போய்விடும்.
சூடேறும் முன்னே நிறுத்தினால்
வளைவிலேயே தங்கி
புகையின் புளிப்பைக் குடித்துக் குடித்து
இரவெல்லாம் தகரத்தை அரிக்கும்.

வண்டி எடுக்காத நாட்களிலும்
தைவோ காலையில் முற்றத்துக்குப் போய்
ஐந்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு வருவானே,
பைஜாமாவோடு, எனக்காக?
"அதுதான் எல்லாவற்றிலும் மோசம்" என்றாள் ஊர்வே.

புதுச் சைலன்சர், இருநூற்றுப் பத்து யூரோ.
மாட்டும் முன் அதன் மிகத் தாழ்ந்த இடத்தில்
மூன்று மில்லிமீட்டருக்கு ஒரு துளை போட்டாள்.
புதுப் பொருளில் ஓட்டையா?
"தண்ணீருக்கு ஒரு வழி.
நீ வைக்காவிட்டால் அதுவே வைத்துக்கொள்ளும்,
எங்கே என்று உன்னைக் கேட்காது.
உறைபனி விட்ட நாளில் அடியைக் கழுவு.
கழுவியதும் ஓட்டு, ஈரத்தோடு நிறுத்தாதே.
வாரம் ஒருமுறை நாற்பது நிமிடம்.
நடுவில் எங்கும் நிற்காமல்."

ஞாயிற்றுக்கிழமை
கோபு கலங்கரை விளக்கம்வரை போகலாம் என்றேன்.
குளிர்காலத்தில் பூட்டியிருக்குமே, அங்கே என்ன இருக்கிறது?
ஒன்றுமில்லை. குழாய் காய வேண்டும்.

முதல் பத்து நிமிடம் வழக்கம்போல.
பால் இருக்கிறதா, வீரே போன் செய்தாளா,
பக்கத்து வீட்டு நாய்.
இருபத்திரண்டு வருடமாக எங்களுடையதெல்லாம்
எண்ணூறு மீட்டர்ப் பேச்சுகள்.

பிறகு பைன் மரங்கள். அதன் பிறகும் பைன் மரங்கள்.
பின்கண்ணாடியில் வெள்ளைப் புகை மெலிந்தது,
காணாமல் போனது.
வைப்பரையே பார்த்துக்கொண்டு தைவோ சொன்னான்:
"தம்பியின் படகுக்கு நான் ஜாமீன் கையெழுத்துப் போட்டேன்.
நவம்பரில்.
படகு போய்விட்டது."

எவ்வளவு?
சொன்னான்.

மீதித் தூரம் முழுக்கக் கத்தினேன்.
நவம்பரிலிருந்து இன்றுவரை
எத்தனை காலை, எத்தனை ஐந்து நிமிடம்
அந்த முற்றத்தில் ஓடும் எஞ்சினோடு
தனியாக உட்கார்ந்திருந்தான் என்று
கத்திக்கொண்டே கணக்குப் போட்டேன்.

கலங்கரை விளக்கம் பூட்டியிருந்தது.
காற்றுக்கு முதுகைக் காட்டி அவன் நின்றான்.
நான் வண்டியின் பின்னால் குனிந்து பார்த்தேன்.
துளையில் சொட்டு இல்லை.
குழாயின் வாயைக் கையுறையால் துடைத்தேன்,
மாவுபோல உலர்ந்த கரி.
அடியில் இரும்பு டிக், டிக் என்று
ஆறிக்கொண்டிருந்தது.

திரும்பும்போது அவன் ஓட்டினான்.
எங்கள் தெருவின் திருப்பம் வந்தது,
இண்டிகேட்டரைப் போட்டான்.
அவன் சொன்ன தொகை முழுத்தொகை இல்லை என்று
பக்கவாட்டில் பார்த்தாலே தெரிந்தது.

நேரே போ, என்றேன்.
ஹெல்தெர்மா படகுத்துறைக்கு இன்னும்
இருபத்தாறு கிலோமீட்டர் இருக்கிறது.

இண்டிகேட்டரை அணைத்தான்.