மேல்கணக்கு

கூட்டம் பிள்ளைமடுவத்தில்.
எல்லாரும் உட்கார வேறு கூரை இல்லை,
இதுவும் ஒழுகுகிற கூரைதான்.
சுவரில் அ அம்மா, ஆ ஆடு.
தரையில் எண்பது பேர், ஈரப் படங்குகளோடு.

பொகவந்தலாவைக்கு மேலே, கடைசி லயத்துக்குப் பின்னால்
மலையில் ஒரு வெடிப்பு.
தை மாதம் தீக்குச்சி நுழைந்தது.
வைகாசியில் தீப்பெட்டியே நுழைந்தது.
அளந்தவன் நான். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார்.

கந்தோரிலிருந்து வந்த கடிதம் சிங்களத்தில்.
வாசித்தவர் பாதியை மென்று முழுங்கினார்.
மீதியை ஆளுக்கொரு மாதிரி கேட்டோம்.

கறுப்பண்ணன் எழுந்தார்:
"எங்கப்பன் அறுபது வருசம் இந்தக் காம்பராவுல இருந்தாரு.
மலை சரியல. அதனால சரியாது."
கைதட்டல்.
அந்த அறுபது வருசமும் அவர் அப்பன்
சாகாமலும்தான் இருந்தார்.
இதை நான் சொல்லவில்லை.
செத்தவரை இழுத்து ஜெயிப்பது ஜெயமில்லை என்று
அப்போது எனக்கு ஓர் எண்ணம்.

தலைவர் திரவியம், மைக் இல்லாமலே மைக் பிடித்தவர்போல:
"எழும்பிப் போகணும்னு எவன் சொல்றானோ
அவன் துரையோட ஆளு.
காலி லயத்த வெள்ளைக்காரனுக்கு விடுதியாக்கப் போறாங்க."
ஆக்கலாம். பொய்யென்று அடித்துச் சொல்ல
என்னிடம் ஒன்றும் இல்லை.
ஆனால் துரைக்கு லாபமா நட்டமா என்று
கேட்டுக்கொண்டா விரிகிறது வெடிப்பு?

யோகராணி, மடியில் கைக்குழந்தை:
"சாருக்கு ஹட்டன்ல கல்வீடு.
எங்களுக்குக் கூடாரம்.
எத்தன மாசத்துக்கு? அதச் சொல்லிட்டுப் பேசுங்க."
என் வீட்டுக்கும் மண்ணின் ஈரத்துக்கும்
சம்பந்தமில்லையென்று
கரும்பலகை இருந்தால் நிரூபித்திருப்பேன்.
கூடாரத்துக்குத்தான் பதில் இல்லை.

எண்களை எடுத்தேன்.
மில்லிமீட்டர். மழையளவு. சரிவின் கோணம்.
பின்வரிசையில் ஒருவர் கொட்டாவி விட்டார்.
அது வரிசை வரிசையாக இறங்கி
என் காலடிவரை வந்தது.

அதற்குப் பிறகுதான் அதைச் செய்தேன்.
"ரோதைமுனி சூலத்தப் பாத்தீங்களா?
பள்ளத்துப் பக்கமா சாஞ்சிருக்கு."
மடுவம் அடங்கியது. தகரத்தில் மழை மட்டும்.

சூலம் சாய்ந்தது நிசம்.
அடியில் மண் நகர்ந்ததால் சாய்ந்தது.
அந்த ஒரு வரியை விழுங்கிவிட்டு
"சாமி எழும்பச் சொல்லுது" என்றேன்.

அன்றிரவே இறங்கின
சட்டிகள், கோழிக்கூடுகள், ஒரு தையல் மெசின்.
முதல் மூட்டை கறுப்பண்ணனுடையது.
எண்பது பேரில் ஒருவர் பாக்கியில்லை.
என் வாழ்நாளில் அவ்வளவு சுத்தமாக
வேறெந்தக் கணக்கும் எனக்கு வரவில்லை.

அந்த வருசம் மலை சரியவில்லை.
அடுத்த வருசமும்.
கூடாரத்தில் பாசி பிடித்தது.
யோகராணியின் பிள்ளை அதற்குள் நடக்கப் பழகி
அதற்குள் ஓடப் பழகியது.

மூன்றாம் வருசம் சித்திரையில்
யாரோ சூலத்தைப் பிடுங்கி நேராக நட்டு
சுற்றிலும் சிமெந்து போட்டுவிட்டார்கள்.
கறுப்பண்ணன் பள்ளிக்கூடத்துக்கே தேடி வந்தார்.
"சூலம் சாஞ்சா எழும்பணும்னீங்க. எழும்பினோம்.
இப்ப நிமிந்துருச்சு சார். திரும்பிரலாம்தானே?"

அதில் ஓர் ஓட்டை இருக்கிறது,
பத்தாம் வகுப்புப் பிள்ளைகூடக் காட்டிவிடும்.
சாய்ந்தால் ஆபத்து என்பதால்
நிமிர்ந்தால் ஆபத்தில்லை என்று ஆகாது.
ஆனால் அந்த ஓட்டைக்குள் கைவிட்டால்
முதலில் தட்டுப்படுவது என் கைதான்.
"மணியடிச்சிருச்சு" என்று வகுப்புக்குள் போனேன்.
மணி அடிக்கவில்லை.

லயத்தில் மறுபடி அடுப்புப் புகை.

நேற்று மேலே ஏறினேன்.
தீப்பெட்டியைக் குறுக்கே வைத்தேன்.
உள்ளே போய்விட்டது.
விழுந்த சத்தம் கேட்கவில்லை.

இறங்கும்போது பீலியில் யோகராணி.
"இன்னைக்கு எவ்வளவு சார்?"
சொன்னேன். மண் ஏன் நகர்கிறது, தண்ணீர் எங்கே இறங்குகிறது,
சூலம் ஏன் சாய்ந்தது, எல்லாம்.
குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது,
அவள் எடுக்கவில்லை.

"இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமே."

சொன்னேனே என்று வாய்வரை வந்தது.
சொன்னேன்தான்.
கொட்டாவி வரும்வரைக்கும்.