நான் படுக்காத புதன்கிழமை

ஈரி என்று ஊருக்குப் பெயர்.
பக்கத்தில் கிடக்கும் ஏரிக்கும் அதே பெயர்.
நவம்பர் வந்தால் அள்ளி அள்ளி
வாசலில் பனியைக் கொட்டும்.
கேட்காமல் கொடுத்துவிட்டு
திருப்பிக் கேட்காத ஒன்று
இந்த ஊரில் அதுதான்.

கடிதங்களை முதலில் ரொட்டிப் பெட்டியில் வைத்தேன்.
பெட்டி நிரம்பியதும் ரொட்டியை வெளியே வைத்தேன்.
பிறகு அவனுக்குள்.
ஒருநாள் மறந்துபோய் அதைச் சூடாக்கிவிட்டேன்.
உறைகளின் சின்ன ஜன்னல்கள்
உருகும் வாடை வந்த பிறகுதான்
எல்லாவற்றையும் மேசைமேல் கொட்டினேன்.
முப்பத்தேழு.
ஒன்றிலும் என் பெயரில் பிழையில்லை.
ஷிமான்ஸ்கி.
பள்ளிக்கூடத்தில்கூட ஒருவரும்
இத்தனை அக்கறையாய் எழுதியதில்லை.

நுரையீரலில் சீழ். பதினொரு நாள் ஆஸ்பத்திரி.
அதற்குமுன் பத்தொன்பது வருஷம்
பாட்டில் மூடி செய்யும் ஆலையில்
ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினேன்.
நீங்கள் திருகித் திறந்த ஷாம்பு ஒன்றாவது
என்னைத் தாண்டி வந்திருக்கும்.
பன்னிரண்டு வாரம் பொறுத்தார்கள்.
பதின்மூன்றாவது வாரம்
என் லாக்கர் ஒரு அட்டைப்பெட்டியில் வீடு வந்தது:
கையுறை, இருமல் மிட்டாய்,
யாருடையதோ ஒரு குடை.

காப்பீடு கொடுத்தது போக
பதினெட்டாயிரத்து இருநூற்று நாற்பது டாலர்.
மாதம் நாற்பது கட்டலாம் என்றாள்
தொலைபேசியில் யுவோன் என்பவள்.
வட்டி கிடையாது என்றாள்,
தன் கைக்காசைத் தருவதுபோல.
உறையின் முதுகில் வகுத்துப் பார்த்தேன்.
நானூற்று ஐம்பத்தாறு மாதம்.
முப்பத்தெட்டு வருஷம்.
எனக்கு இப்போது ஐம்பத்து மூன்று.
அப்படியென்றால் தொண்ணூற்றொன்று வரை
நான் சாகக்கூடாது.
எந்த டாக்டரும் எனக்கு
இவ்வளவு நம்பிக்கை கொடுத்ததில்லை.

எதற்கும் விவரமாய் ஒரு பட்டியல் கேள்
என்றார் எதிர்வீட்டு ஜெரோம்.
ஒன்பது பக்கம் வந்தது.
இருமினதற்கு, இருமாததற்கு,
ஊசிக்கு, ஊசி குத்திய இடத்தில் ஒட்டிய பஞ்சுக்கு.
கடைசிப் பக்கத்தில்
ஒரு புதன்கிழமை.
படுக்கை, பிராணவாயு, இரண்டு ரத்தப் பரிசோதனை, காலை உணவு.

நான் செவ்வாய் மதியமே வீடு வந்துவிட்டேன்.
புதன் காலை ஜெரோம் முட்டைக்கோஸ் சூப்போடு
பனி ஒட்டின பூட்ஸைக் கழற்றாமல்
என் வாசலில் நின்றார்.
தரையைத் துடைத்தது நான்தானே.
மூன்று முறை உட்கார்ந்து உட்கார்ந்து துடைத்தேன்.

யுவோனிடம் சொன்னேன்.
காத்திருக்கச் சொன்னாள். பியானோ இசை போட்டாள்.
நாற்பது நிமிஷம்.
ஆறு முறை கூப்பிட்டேன், இரண்டு கடிதம் போட்டேன்.
ஜனவரியில் ஒத்துக்கொண்டார்கள்.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது கழிந்தது.
மறுபடி வகுத்தேன்.
ஒரு புதன்கிழமை
சரியாக நாலு வருஷ எடை.
இனி எண்பத்தேழிலேயே போய்விடலாம்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை.
அந்தப் படுக்கையில் யார் இருந்தாள்?
என் பெயர்ப்பட்டை கையில் கட்டி,
என் மூச்சை இழுத்து,
என் பெயருக்கு வந்த ஓட்ஸ் கஞ்சியைத் தின்று,
ரத்தம் கேட்டபோது
மறுக்காமல் கை நீட்டியவள்.
அவளுக்கு வேலை போயிருக்காது.
அவளுக்குக் கடிதம் வராது.
கொஞ்சம் பொறாமையாக இருந்தது.
பட்டியலிலிருந்து அவளை நீக்கச் சொன்னவள்
நான்தான் என்பதும்
கொஞ்சம் உறுத்தியது.

சனிக்கிழமைகளில் இப்போது
தேவாலயத்து நிலவறையில் மீன் பொரிக்கிறேன்,
மணிக்குப் பதினொரு டாலர்.
கூந்தலில் எண்ணெய் நாற்றம் போவதில்லை.
மிச்ச முப்பத்தாறு உறைகளைத்
தேதிப்படி அடுக்கியாயிற்று.
இன்னும் எங்காவது ஒரு வியாழன்
ஒளிந்திருக்கலாம்.

விடிந்தால் வாசலைச் சுத்தம் செய்யவேண்டும்.
முழங்கால் வரை பனி.
மண்வாரி ஜெரோமுடையது.