இடது பக்கம்

கொம்பனித்தெரு, இரண்டாம் மாடி.
சன்னலை நான் திறப்பதில்லை.
கடல் அரை மைல் தள்ளி.
இருந்தும் இரவில் வந்து
கதவுக் கொண்டியை நக்கிவிட்டுப் போகிறது.

துவக்கு வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை,
பூப்போட்ட படுக்கை விரிப்பில் சுற்றி,
அனுமதிக் கடிதத்தோடு, சுடும் ஊசி கழற்றி.
மேசையில் கிடத்திவிட்டு
சாரதி சுனிமல் கேட்டார்:
"பயம் இல்லையா மிஸ்?"

இதுவரை நான் துவக்கை
வாய்ப்பக்கமிருந்துதான் பார்த்திருக்கிறேன்,
காலி வீதியில், அடையாள அட்டையை நீட்டியபடி.
அவற்றில் நிறம் இருந்ததா, கவனிக்கவில்லை.
விலாப்பக்கம் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

என் வேலை வெள்ளி, பித்தளை, கோயில் மணி.
இதற்காக மூன்று இரவு படித்தேன்.
எலும்பையும் தோலையும் கரியாக்கி
பெட்டிக்குள் அடைத்து, நடுவே தகட்டைப் புதைத்து,
செக்கச் சிவக்கக் காய்ச்சி
ஒரே கவிழ்ப்பில் குளிர்நீரில் கொட்டுவார்களாம்.
நீர் எப்படித் தொடுமோ அப்படி நிறம்.
கொட்டுகிறவனுக்கும் முன்கூட்டித் தெரியாது.

தெரியாமல் வந்தது இது:
நாவற்பழம் தின்ற நாக்கு.
ஓரத்தில் வைக்கோல்.
திருகாணியைச் சுற்றி
மூன்றாம் நாள் கன்றலின் மஞ்சளும் ஊதாவும்.
பெற்றோல் செட் வாசலில்
மழைநீர் விரித்துக் காட்டுமே, அது
இரும்பில் அப்படியே நின்றுவிட்டது.
தடிப்பு? மயிரைக்கூட உவமை சொல்ல முடியாது.

இதெல்லாம் இடது பக்கம்.
வலது பக்கத்தை
போன நத்தாருக்கு யாரோ
பித்தளை மினுக்கும் திரவம் போட்டுத் தேய்த்து
சாப்பாட்டுக் கோப்பை ஆக்கியிருந்தார்கள்.

கறுவாத்தோட்டத்திலிருந்து அழைப்பு.
திருமதி மோரின் அளகக்கோன்.
"இடதையும் வலதைப்போல மினுக்கிவிடுங்களேன்."
மினுக்கினால் போய்விடும், மேடம்.
"போறது ஊத்தைதானே?"
ஊத்தை இல்லை. நிறம்.
தொலைபேசியில் அவர் வீட்டு மின்விசிறி
சற்று நேரம் சுற்றியது.
"அப்ப வலதுக்கு நிறம் பூசலாமா?"
பூசலாம். பொய்யாக இருக்கும்.

அமோனியா வாடை வந்த எதையும்
அறைக்கு வெளியே வைத்தேன்.
என் உள்ளங்கை வியர்க்கிற கை,
அதனால் இரட்டைக் கையுறை.
மூன்று மணிக்கு, எதிரே புதிதாய் எழுந்த கோபுரத்தின்
கண்ணாடியில் பட்டு வெயில் திரும்பி
சரியாக மேசைக்கு வரும்.
ரெக்சின் துண்டொன்றை ஆணியடித்தேன்.
பஞ்சில் ஒரு துளி, ஒற்றல், தேய்ப்பில்லை.
பிறகு மெழுகு, உளுந்தளவு,
தடவியது தெரியாதபடி.
காயவிட்டு மறுபடி. காயவிட்டு மறுபடி.
மின்வெட்டு வந்தபோது
கைகளைத் தூக்கிப் பிடித்தபடி நின்றேன்.

புரட்டியபோதுதான் கண்டேன்.
அடிவயிற்றில், எடை சமனாகும் இடத்தில்,
நிறமே இல்லாத வெள்ளி நீள்வட்டம்.
திரவம் செய்ததல்ல. ஓரங்கள் மெல்லக் கரைந்திருந்தன.
ஒரு கை. வருடக்கணக்காக.

"அப்பாவா?" என்று கேட்டேன்.
"அப்பா சுடுவார். காவிக்கொண்டு நடக்கிறது வேற ஆள்.
புத்தளத்துப் பக்கம்.
பேர்... அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கும்."

கையுறையைக் கழற்றாமல்
என் கையை அங்கே வைத்துப் பார்த்தேன்.
சுற்றிலும் ஒரு விரல் அகலம் மிஞ்சியது.

அந்த இடத்துக்கும் மூன்று பூச்சு.

அறிக்கையில் எழுதினேன்:
வெயில் படும் சுவர் கூடாது.
படுக்கை விரிப்பு கூடாது, ஈரம் பிடிக்கும்.
வலது: நிறம் அகற்றப்பட்டுள்ளது.
இடது: உள்ளது.
அடி: தேய்வு, கையகலம். திருத்தவில்லை.

சுனிமல் வந்தார்.
கூடவே ஒரு செய்தியும்:
ஒரு பக்கம்தானே செய்தது,
பாதிக் காசு போதாதா என்று மேடம் கேட்கச் சொன்னாராம்.
சொல்லும்போது அவருக்கே சிரிப்பு.
சிரித்துக்கொண்டே, பழக்கத்தில்,
சமனாகும் இடத்தில் பிடித்துத்
தூக்கினார்.